முதல் பிறந்தநாளுக்குள் பல் டாக்டரிடம்

"விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விட்டுவிடுவதால்தான், பல குழந்தைகளுக்குக் கன்னம் வீங்கிய பிறகே பல் டாக்டரின் முகம் தெரிகிறது. பால் பல்லின் எனாமல் மெல்லியது. சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். கடைவாய்ப் பால் பல் விழப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அதுவரை அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுதான். முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

வீட்டில் மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். குழந்தையின் தலையை மடியில் வைத்து, மேல் முன்பற்களைச் சுத்தமான துணியால் துடையுங்கள். எச்சில் ஈரத்தில் ஆரம்பக் கோளாறு தெரியாது. ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது மாதிரி வெள்ளைக் கோடு இருந்தால் அதுதான் தொடக்கம். இந்தக் கட்டத்தில் பல்லை மீட்டுவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தால் அடைக்கத்தான் வேண்டும். கீழ் முன்பல் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்: அதை நாக்கும் எச்சிலும் காக்கின்றன, மேலே அந்தக் காவல் இல்லை.

பெரும்பாலும் காரணம் இரவுப் பாட்டில். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் வாயில் தங்கிய பால் கழுவப்படாமல் கிடக்கும். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். ஒரேயடியாகப் பிடுங்கினால் அழுகை தாங்காமல் மூன்றாம் நாளே பாட்டில் திரும்பி வந்துவிடும். இனிப்பான மருந்து சிரப் கொடுத்தாலும் வாயைத் துடைத்துவிடுங்கள்.

பல் வந்த நாளிலிருந்து காலையும் படுக்கும் முன்னும் பிரஷ். 3 வயதுவரை அரிசி மணி அளவு பேஸ்ட், அதன் பிறகு பட்டாணி அளவு. ட்யூபில் ஃப்ளூரைடு அளவு சுமார் 1000 பிபிஎம் (ppm) என்று இருக்கட்டும். ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த பகுதியில் போர் தண்ணீர் குடித்தால், டாக்டரிடம் அதைச் சொல்லி பேஸ்ட்டை முடிவு செய்யுங்கள்.

குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் போங்கள். டாக்டரும் நீங்களும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்வீர்கள். குழந்தை உங்களைப் பார்த்தபடி டாக்டர் மடியில் தலை சாய்க்கும். அழுதால் பரவாயில்லை, வாய் திறந்திருக்கும். சில நிமிட வேலைதான். "ஊசி போடமாட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊசி என்ற நினைப்பே அப்போதுதான் வரும். சொத்தையைத் தடுக்கப் பல்லில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷைப் போட்டால் அன்று சூடான, கடினமான உணவு வேண்டாம். பிரஷ் மறுநாள் காலையில். அடுத்த வருகை 6 மாதத்தில், வெள்ளைக் கோடு இருந்தால் 3 மாதத்தில்.

ஈறில் சீழ்க் கொப்புளமோ, காய்ச்சலோடு கன்ன வீக்கமோ வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். கிராம்புத் தைலம் தடவிக் காத்திருக்க வேண்டாம். அது பிஞ்சு ஈறைப் புண்ணாக்கும், சீழை வற்றவைக்காது.