கலகம் செய்தவரும் கலகத்துக்குத் தூண்டியவரும்

மார்த்தாண்டத்திலும் செங்கோட்டையிலும் மலையாள ஏடுகளைப் படித்துத் தமிழில் செய்தி எழுதுவோரை ஒரு சொல் அடிக்கடி இடறச் செய்கிறது. அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டிப் பேசும் குற்றத்தை மலையாளத்தில் 'ராஜ்யத்ரோகம்' என்பார்கள். அங்கே 'ராஜ்யம்' நாட்டைக் குறிப்பதால், தமிழில் அது 'தேசத்துரோகம்' ஆகிவிடுகிறது. தமிழகம் முழுவதும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு, சட்டப்படி அமைந்த அரசின்மீது பேச்சாலோ எழுத்தாலோ வெறுப்பை மூட்டுவதைத்தான் குற்றமாக்கியது. நாட்டைக் காட்டிக்கொடுப்பதை அன்று. 1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனாருக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்தது இந்தப் பிரிவே. அவர்மீது சுமத்தப்பட்டதைத் 'தேசத்துரோகம்' என்று எழுதினால், நாட்டுக்காகச் செக்கிழுத்தவரை நாட்டுக்கே துரோகியாக்கிய பழி எழுதியவரைச் சேரும். 'ராஜத்துரோகம்' என்பதே பொருந்தும். வடசொல் வேண்டாதவர்கள் 'அரசுக்கெதிராகத் தூண்டுதல்' என்று விரித்தே எழுதலாம்.

மேடையில் பேசியதற்காகக் கைதானவரைப் பற்றிக் 'கலகம் செய்ததாக வழக்கு' என்று தலைப்பிடுவது அடுத்த தவறு. கலகம் செய்பவர் வேறு, அதற்குத் தூண்டுபவர் வேறு. 'மக்களைக் கலகத்துக்குத் தூண்டினார்' என்றால்தான் யார் யாரை எதற்குத் தூண்டினார் என்பது விளங்கும். கல்குளம் வட்டத்துத் தலக்குளத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசின் தளவாயாக (முதன்மை அமைச்சராக) இருந்த வேலுத்தம்பிக்கு மட்டும் இரண்டு வினைகளும் பொருந்தும். 1809 ஜனவரியில் 'குண்டறை விளம்பரம்' எனப்படும் பொது அறிவிப்பால் திருவிதாங்கூர் மக்களைக் கும்பினியாருக்கு (கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு) எதிராக எழச் சொன்னவரும் அவரே, படை நடத்தியவரும் அவரே. (நாரதர் கலகம் என்று நாம் சொல்வதிலும் நாரதர் சண்டையிடுவதில்லை, மூட்டிவிடுகிறார்.) மலையாளத்தில் கலகத்தைக் குறிக்கும் 'கலாபம்' என்ற சொல்லை அப்படியே எழுதுவதையும் விட்டுவிட வேண்டும், இன்றைய தமிழ் வாசகருக்கு அதில் மயில் தோகைதான் தெரியும்.

பெயர் வைப்பதிலேயே ஒரு சார்பு ஒளிந்திருக்கலாம். நாஞ்சில் நாட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்து, நாடார் பெண்களின் மேலாடை உரிமையை ஏற்ற 1859-ஆம் ஆண்டு அரசாணை வரை நீண்ட நிகழ்ச்சிகளைத் 'தோள்சீலைக் கலகம்' என்பவர் அமைதி கெட்டதை முன்னிறுத்துகிறார். 'தோள்சீலைப் போராட்டம்' என்பவர் உரிமையை முன்னிறுத்துகிறார். பழைய பெயரை மேற்கோளில் வைத்துவிட்டு, சொந்த நடையில் 'போராட்டம்' என்றே எழுதுவது நேர்மை என்பது என் கருத்து.

கடுமையான விமர்சனத்தையெல்லாம் தூண்டுதல் என்று எழுதுவதும் தவறே. வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ தூண்டாத விமர்சனம் ராஜத்துரோகக் குற்றம் ஆகாது என்று, கேதார்நாத் சிங் வழக்கில் 1962-இலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124அ பிரிவைச் செயல்படுத்தாமல் நிறுத்திவைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இல்லை. அதன் 152-ஆம் பிரிவு, பிரிவினைக்கும் ஆயுதக் கிளர்ச்சிக்கும் தூண்டுவதையும் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு விளைவிப்பதையும் பற்றிப் பேசுகிறது. ஆகவே புதிய வழக்கொன்றைப் பற்றி எழுதும்போது 'ராஜத்துரோக வழக்கு' என்பதும் பொருந்தாது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, குற்றச்சாட்டை அதன் வாசகப்படியே எழுதுவது நல்லது.