மூடு அடிக்கடி மாறுதா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி இத செய்ங்க

காலைல நல்லா பேசிட்டு இருந்தவங்க மதியம் ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு எரிஞ்சு விழுறாங்க, ராத்திரி அழுகை வருது, உடனே வீட்ல இருக்கறவங்க "அவ குணமே அப்படித்தான்"னு முடிவு கட்டிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படி சொல்லாதீங்க, பல பேருக்கு இதுக்குப் பின்னாடி உடம்புல ஒரு காரணம் இருக்கும்.

முதல்ல ஒரு நோட்டு எடுங்க. தேதி, நேரம், என்ன ஆச்சு, எப்ப சாப்பிட்டீங்க, எவ்ளோ தூங்குனீங்க, என்ன மாத்திரை, பீரியட்ஸ் எந்த நாள், இவ்ளோதான். "செவ்வாய் 11 மணி, காலைல சாப்பிடல, கை நடுக்கம், வேர்வை, புள்ளைய திட்டிட்டேன், சாப்பிட்டதும் சரியாச்சு"னு ஒரு வரி போதும். இந்த ஒரு வரிய பாத்தாலே சுகர் இறங்கியிருக்குமோன்னு டாக்டருக்கு தோணும், அதுவும் சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்கன்னா அந்த நேரத்துலயே செக் பண்ணுங்க, 70க்கு கீழ இருந்தா லோ சுகர்.

குறைஞ்சது ரெண்டு மாசம் எழுதுங்க, ஏன்னா பீரியட்ஸுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு வாரம் மட்டும் மோசமாகி, வந்த சில நாள்ல தெளிஞ்சா அது பிஎம்எஸ், ரொம்ப கடுமையா இருந்தா பிஎம்டிடி, ரெண்டு சைக்கிளாவது குறிச்சு வச்சாதான் உறுதியா சொல்ல முடியும். நாப்பது வயசுக்கு மேல பீரியட்ஸ் தாறுமாறா வந்து தூக்கமும் போச்சுன்னா மெனோபாஸ், அதாவது பீரியட்ஸ் நிக்கற காலம், நெருங்குதான்னு கேளுங்க. பிரசவமாகி ரெண்டு வாரத்துக்கு மேலயும் அழுகை நிக்கலன்னா மட்டும் நோட்டெல்லாம் வேணாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.

தைராய்டு கண்டிப்பா பாக்கணும். அதிகமா சுரந்தா படபடப்பு, எரிச்சல், எடை குறையும், கம்மியா சுரந்தா சோர்வு, குளிர் தாங்காது, மனசு மந்தமாயிடும். கூடவே ரத்த சோகை, பி12 டெஸ்டும் கேளுங்க. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடறீங்கன்னா தைராய்டு ரிசல்ட்டு தப்பா வரலாம், அதனால ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்டீராய்டு, சில வலிப்பு மாத்திரைங்க கூட மனநிலைய ஆட்டி வைக்கும். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டீராய்ட திடீர்னு விட்டா ஆபத்து.

தூக்கமே இல்லாம நாலஞ்சு நாள் ஓவர் எனர்ஜி, கண்டபடி செலவு, நிக்காத பேச்சு, அப்புறம் வாரக்கணக்குல படுத்த படுக்கைன்னு மாறி மாறி வந்தா பைபோலார்ங்கற மனநல பிரச்சனையா இருக்கலாம், சைக்யாட்ரிஸ்ட (மனநல டாக்டர) பாருங்க, சோகமா இருந்தத மட்டும் சொல்லாம அந்த உற்சாக நாளையும் மறக்காம சொல்லுங்க, ஏன்னா டிப்ரஷன் மாத்திரை மட்டும் குடுத்தா சிலருக்கு அந்த உற்சாகம் எல்லை மீறிடும்.

சாகணும்னு தோணுனாலோ, வயசானவங்க திடீர்னு ஒரே நாள்ல குழம்பிப்போய் ஆளே மாறிட்டாலோ, தலையில அடிபட்டப்புறம் குணம் மாறுனாலோ காத்திருக்காதீங்க, அன்னைக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டு போங்க.