‘இங்’ எல்லாரும் ஒரே குடும்பமா? சீனக் குடும்பப்பெயரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீ கிம் வீ 1985 முதல் 1993 வரை சிங்கப்பூரின் அதிபர். இங் எங் ஹென் நீண்ட காலம் தற்காப்பு அமைச்சராக இருந்தவர். லாரன்ஸ் வோங் 2024 மே மாதம் பிரதமரானவர். வீ, இங், வோங் என்று காதில் மூன்று விதமாக விழுந்தாலும் சீனத்தில் எழுதினால் மூவருக்கும் ஒரே எழுத்துதான். ‘மஞ்சள்’ என்று பொருள்படும் எழுத்து அது, சீனப் பொதுமொழியான மாண்டரினில் ஹுவாங். இப்போது ஹாங்காங் திரைப்பட இயக்குநர் வோங் கார்-வாயை எடுத்துக்கொள்ளுங்கள். லாரன்ஸ் வோங் பெயரில் உள்ள அதே வோங், ஆங்கிலத்தில் அதே நான்கு எழுத்து. ஆனால் வேறு குடும்பப்பெயர். அவருடையது ‘அரசன்’ என்ற பொருளுள்ள எழுத்து, மாண்டரினில் வாங்.

குடிவழி தேடப் புதிதாக இறங்குகிறவர்கள் மாறி மாறி விழும் குழிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முரணுக்குள்ளேயே இருக்கின்றன. பாட்டியிடம் முதலில் கேளுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள் போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையே குடும்பப்பெயராக நினைப்பது

இதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராததும் இதுதான்.

கப்பலில் வந்து இறங்கியவர் தன் பெயரைத் தன் ஊர்ப் பேச்சில் சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் காதில் விழுந்ததைத் தன் மொழியின் வழக்கப்படி எழுதினார். பினாங்கில் ஆங்கிலேய வழக்கம், ஜாவாவில் டச்சு வழக்கம், மணிலாவில் ஸ்பானிய வழக்கம். ஆகவே எழுத்துக்கூட்டல் என்பது பேசியவரின் கிளைமொழியும் எழுதியவரின் மொழியும் சேர்ந்து பெற்ற பிள்ளை. குலத்தைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது.

ஹுவாங் என்ற ஒரே எழுத்து எங்கெங்கே என்னவானது என்று பாருங்கள். காண்டனீஸ், ஹொக்கியன், தியோச்சியூ, ஹக்கா எல்லாம் தென்சீனக் கிளைமொழிகள். காண்டனீஸில் வோங். தெற்கு ஃபூஜியன் மாநிலத்து ஹொக்கியனுக்குள்ளேயே இரண்டு ஒலி: சுவான்சோ, சியாமென் நகரங்களின் பக்கம் மூக்கில் நிற்கும் ‘ங்’, சாங்சோ பக்கம் மூக்கொலியோடு ‘ஊய்’. சாங்சோ ஒலிதான் பினாங்கில் இரண்டு ‘ஓ’வும் ஓர் ‘ஐ’யும் போட்டு எழுதும் ஊய். ஜாவாவில் அதே ஊய், டச்சு முறையில் ஓ, ஈ, ஐ. செமாராங்கின் சர்க்கரை அரசர் என்று பெயரெடுத்த ஊய் தியோங் ஹாம் (1866–1924) இந்தக் குலம். டச்சில் ‘ஓ-ஈ’ சேர்ந்தால் ‘ஊ’ என்பது தெரியாமல் ‘ஓயி’ என்று படித்து, அதையே கோப்பில் ஏற்றுபவர்களும் உண்டு. பிலிப்பீன்ஸில் அது உய். தியோச்சியூவில் ‘ங்’. மேற்குக் கலிமந்தான், சரவாக் ஹக்காக்களிடம் போங்.

இனித் திருப்பிப் பாருங்கள். என், ஜி என்ற இரண்டே ஆங்கில எழுத்தில் எழுதும் ‘இங்’ குறைந்தது மூன்று குடும்பப்பெயர்களை மறைத்து வைத்திருக்கிறது. ஹொக்கியன், தியோச்சியூக்காரர் வீட்டில் அது மஞ்சள் ஹுவாங். காண்டனீஸ்காரர் வீட்டில் அது மாண்டரினில் ‘வூ’ என்று ஒலிக்கும் எழுத்து. பழைய வூ நாட்டின் பெயர். மாண்டரினில் ‘வூ’ என்று ஒலிக்கும் இன்னோர் எழுத்தும் அதே காண்டனீஸில் ‘இங்’ ஆகிறது. இந்த மூன்றுக்கும் ரத்த உறவு கிடையாது.

நடப்பது என்ன? தாத்தா பெயர் இங், ஊர் ஈப்போ. பேரன் இணையக் குடிவழித் தளத்தில் பெயரைப் போடுகிறான். தளம் எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்து, சிங்கப்பூரில் உள்ள ஏதோ ஓர் இங் குடும்பத்தை ‘பொருந்துகிறது’ என்று காட்டுகிறது. ஒரு சொடுக்கு. நூறு, இருநூறு உறவினர்கள் மரத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்து ஹுவாங் குலத்தின் அச்சிட்ட வம்சாவளி ஏட்டுக்குப் பணம், பிறகு சியாமெனுக்கு விமானச் சீட்டு. தாத்தாவோ காண்டனீஸ் பேசிய வூ. அவர் கிராமம் குவாங்டோங் மாநிலத்தில். ஹுவாங் குலச் சங்கத்தில் தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, “உங்கள் சங்கம் வேறு” என்று அனுப்பிவைப்பார்கள். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அந்தத் தவறான இணைப்பை இதற்குள் பத்துப் பேர் தங்கள் மரங்களுக்குப் படியெடுத்திருப்பார்கள். உங்கள் பக்கத்தில் நீக்கினாலும் அது உலவிக்கொண்டே இருக்கும்.

தப்பிக்க வழி ஒன்றுதான்: எழுத்தைக் கண்ணால் பார்க்கும்வரை மரத்தில் ஒருவரையும் சேர்க்காதீர்கள். எழுத்து கிடைக்கும் இடங்கள் கல்லறை, வீட்டு முன்னோர் பலகை, பழைய திருமண அழைப்பிதழ், புகைப்படத்தின் பின்புறம், ஊருக்குப் பணத்தோடு அனுப்பிய கடிதங்கள். சீனம் படிக்கத் தெரியாவிட்டால் கோடுகளை எண்ணுங்கள். அரசன் வாங் 4 கோடு. வூ நாட்டு எழுத்து 7. மஞ்சள் ஹுவாங் மரபு வடிவில் 12, எளிய வடிவில் 11. கையெழுத்தில் கோடு குழம்பும், அதனால் தெளிவாக அச்சான அல்லது செதுக்கிய எழுத்தில் எண்ணுவது நல்லது.

இன்னொரு நல்ல துருப்பு தந்திக் குறியீடு. தந்தியில் சீன எழுத்தை அனுப்ப முடியாததால் ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். ஹாங்காங் அடையாள அட்டையில் அந்த எண்கள் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும். மஞ்சள் ஹுவாங் 7806. அரசன் வாங் 3769. வூ நாட்டு எழுத்து 0702. முதல் எண் 7806 என்றால் ‘வோங்’ எந்த வோங் என்ற கேள்வியே எழாது.

அட்டை இல்லையென்றால் வாயால் கேளுங்கள். ‘வோங்’ இரண்டும் காண்டனீஸில் ஒரே ஒலி, ஒரே ஏற்ற இறக்கம் என்பதால் காண்டனீஸ்காரர்களுக்கே குழப்பம் வரும். அதற்காக ‘மூன்று கோட்டு வோங்’ (அரசன், கிடைக்கோடு மூன்று), ‘பெருவயிற்று வோங்’ (மஞ்சள்) என்று அடையாளம் சொல்வார்கள். பாட்டியிடம் “எந்த வோங்?” என்று கேட்டால் இந்தப் பதில்தான் வரும்.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மிடம் ‘ங்’ என்ற எழுத்தே இருந்தும் சொல் முதலில் அது வராது என்பதால் ‘இங்’ என்று எழுதுகிறோம், அது சரிதான். ஆனால் வோங், வாங் இரண்டையும் ‘வாங்’ என்று எழுதிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. பக்கத்திலேயே தந்தி எண்ணைக் குறித்து வையுங்கள்.

வோங் என்றால் காண்டனீஸ்தான் என்று முடிவு கட்டுவது

சரவாக்கின் சிபு நகருக்குப் போனால் இந்த நம்பிக்கை உடையும். அங்கே 1901-இல் ஃபூச்சோ கிளைமொழி பேசும் குடியேறிகளை அழைத்து வந்தவர் வோங் நாய் சியோங் (1849–1924), ஃபூஜியன் மாநிலத்து மின்சிங்காரர். சரவாக்கை ஆண்ட அரசர் சார்லஸ் புரூக்குடன் 1900-இல் ஒப்பந்தம் போட்டவர். சிபுவின் வோங்குகள் பலர் ஃபூச்சோ. அவர்களின் முன்னோர் ஊரை குவாங்டோங்கில் தேடினால் ஆயுளுக்கும் கிடைக்காது. ஹக்கா வோங்குகளும் உண்டு. முதலில் எழுத்து, அடுத்து கிளைமொழி, அதன் பிறகே ஊர். இந்த வரிசை மாறக் கூடாது.

கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுப்பது

வீ கிம் வீயில் முதல் ‘வீ’தான் குடும்பப்பெயர். கடைசி ‘வீ’ வேறு எழுத்து, ‘ஒளி’ என்று பொருள். அமெரிக்காவில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகனே என்று 1898-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்ற வோங் கிம் ஆர்க்கைத் தேடும்போது ‘ஆர்க்’ என்ற தலைப்பின் கீழும் பாருங்கள். எழுத்தர்கள் அப்படியும் அடுக்குவார்கள்.

வாசல் பலகையைச் சொந்த ஊராகப் படிப்பது

ஹுவாங் வீடுகளின் நிலைப்படிக்கு மேல் ‘சியாங்சியா’ என்ற இரண்டு எழுத்து இருக்கும். கல்லறை உச்சியிலும் வரும். உடனே வரைபடத்தில் சியாங்சியாவைத் தேடி, “எங்கள் பூர்வீகம் ஹூபே மாநிலம்” என்று எழுதிவிடுகிறார்கள். அது குல மண்டபத்தின் பெயர். ஹான் அரசமரபின் காலத்தில் அந்த வட்டாரத்து ஹுவாங்குகள் புகழ்பெற்றிருந்ததால் உலகெங்கும் உள்ள ஹுவாங்குகள் அதைப் பூண்டுகொண்டார்கள். தேடுவதற்கு அது உதவாது.

‘ஊதா மேகம்’ என்று பொருள்படும் ‘சியுன்’ இருந்தால் நிலைமை வேறு. வட்டம் சட்டெனச் சுருங்கும். சுவான்சோவின் ஹுவாங் ஷோகோங் தன் மல்பெரித் தோட்டத்தைக் கொடுக்க, அங்கே 686-இல் எழுந்தது கையுவான் கோயில். அவர் மக்கள் நானான், ஹுய்யான், அன்சி, தோங்கான், சாவோயான் என்று ‘ஆன்’ சேர்ந்த ஊர்களுக்குப் பிரிந்ததாக மரபு. ஆகவே சியுன் என்றால் தெற்கு ஃபூஜியனில் இந்த ஐந்தில் தேடத் தொடங்கலாம். தமிழர்களுக்கு இந்தக் கோயிலில் தனி ஈர்ப்பு உண்டு: பெரிய மண்டபத்தின் பின்புறம் கண்ணன் சிற்பங்களோடு இரண்டு தூண்கள் நிற்கின்றன, இடிந்த இந்துக் கோயில் ஒன்றிலிருந்து வந்தவை. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் இதே சுவான்சோவில்தான்.

கி.மு. 648 முதல் தாத்தா வரை ஒரே கோடு இழுப்பது

ஹுவாங் என்பது இன்றைய ஹெனான் மாநிலத்து ஹுவாங்சுவானில் இருந்த ஒரு சிறு நாடு. பெரிய சூ நாட்டுக்குத் திறை கட்ட மறுத்தது. “சூவின் தலைநகர் 900 லீ (பழைய சீனத் தொலைவு அளவு) தொலைவு, எங்களை என்ன செய்துவிட முடியும்?” என்றார்களாம். கி.மு. 648-இல் சூ அதை விழுங்கியது. நாடிழந்தவர்கள் நாட்டின் பெயரையே குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள். இது வரை சரி. அங்கிருந்து உங்கள் தாத்தாவுக்கு இடையறாத பட்டியல் தருகிறேன் என்று எந்த ஏடு சொன்னாலும் சந்தேகப்படுங்கள். ஷாவூ ஊரின் ஹுவாங் சியாவ்ஷானுக்கு மூன்று மனைவியர், ஆளுக்கு ஏழாக 21 ஆண்மக்கள், மூத்த மூவரை மட்டும் வைத்துக்கொண்டு 18 பேரை வெளியூர் அனுப்பினார் என்ற கதை தென்சீன ஏடுகள் பலவற்றில் உண்டு. ஏட்டுக்கு ஏடு மகன்களின் பெயரும் காலமும் மாறும். 21 கிளை என்பது எந்தக் குடும்பமும் வந்து ஒட்டிக்கொள்ள வசதியான எண்.

இன்னொன்று: குவாங்சியில் சுவாங் இனத்தவரிடையே ஹுவாங் மிகப் பரவலான குடும்பப்பெயர். அவர்கள் எல்லாரும் ஹெனானிலிருந்து நடந்து வந்தவர்கள் அல்லர். மஞ்சள் பேரரசர் என்ற புராண மன்னரின் பட்டத்திலும் இதே எழுத்து இருப்பதால் அவருக்கு வாரிசு கோருவது இன்னும் மோசம்.

மாற்றிய பெயர்களை மறப்பது

இந்தோனேசியாவில் 1966-இல் வந்த பெயர் மாற்ற ஆணைக்குப் பிறகு ஊய்கள் வெளிப்பார்வைக்கு மறைந்தே போனார்கள். எகா சிப்தா விஜாயா முன்பு ஊய் எக் சோங். புதுப் பெயரில் பழைய ஒலி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. புகையிலைத் தொழிலில் பெருத்த ஹார்த்தோனோ சகோதரர்களும் ஊய்தான். அவர்கள் பெயரில் அந்த ஒலியின் சுவடே இல்லை. தொலைபேசிப் புத்தகத்தில் ஊய்களை எண்ணி “இந்தோனேசியாவில் ஹுவாங்குகள் குறைவு” என்று எழுதுவது இப்படித்தான் சிரிப்புக்கிடமாகிறது.

அமெரிக்காவில் கதை வேறு. சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுத்த 1882-இன் சீனர் விலக்குச் சட்டத்தில் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருந்தது. 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தோடு வந்த தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்தன. பலர் அங்கே பிறந்ததாக உரிமை கோரி, இல்லாத மகன்களுக்கு இடம் பதிவு செய்து, அந்த இடத்தை விற்றார்கள். வாங்கி வந்தவர் ‘காகித மகன்’. கடவுச்சீட்டில் வோங், பிறப்பில் வேறு. பொய்ப் பெயரில் வந்ததை ஒப்புக்கொள்ள 1956-இல் தொடங்கிய ஒப்புதல் திட்டத்தில் சிலர் உண்மைப் பெயருக்குத் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. அவர்கள் கல்லறையில் ஆங்கிலத்தில் ஒரு குடும்பப்பெயரும் சீனத்தில் இன்னொன்றும் இருக்கும். செதுக்கியவர் தவறு என்று திருத்திவிடாதீர்கள். சீனத்தில் இருப்பதை நம்புங்கள்.

கொரிய, வியட்நாமியப் பெயர்களைக் கூட்டிக் கணக்கிடுவது

எழுத்து அதே ஹுவாங்தான், ஆனாலும் கூட்டக் கூடாது. கொரிய ஹ்வாங்குகள் சாங்வோன், சாங்சு என்று கொரிய ஊர்களையே மூலமாகக் கொண்ட கொரியக் குலங்கள். வியட்நாமில் ஹோவாங் தெற்கே ஹுயின் ஆனது, நுயென் ஹோவாங் என்ற ஆட்சியாளரின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதால். சீனக் குடியேற்றத்தால் அல்ல.

பழைய பட்டியலின் வரிசையைத் தரவரிசையாகக் கொள்வது

சோங் அரசமரபுக் காலக் குடும்பப்பெயர்ப் பாடத்தில் ஹுவாங் 96-ஆவது. அது பேரரசரின் பெயரை முதலில் வைத்து எழுதிய வரிசை. இன்றைய சீனாவில் ஹுவாங் 7-ஆவது, தைவானில் 3-ஆவது.

பாட்டியின் கல்லறையைத் தப்பாகப் படிப்பது

நடுப் பத்தியில் முதலில் வரும் ‘ஹுவாங்’ அவர் கணவரின் குடும்பப்பெயர். அதற்குக் கீழே ‘ஷி’ என்ற எழுத்துக்கு நேர் மேலே இருப்பதுதான் அவர் பிறந்த வீட்டுப் பெயர். ஆண்டு ‘குடியரசு 23’ என்றிருந்தால் 1911-ஐக் கூட்டுங்கள்: 1934. குவாங்சு பேரரசரின் ஆட்சிக் கணக்கான ‘குவாங்சு’ ஆண்டு என்றால் 1874-ஐக் கூட்ட வேண்டும். மாதமும் நாளும் பெரும்பாலும் சந்திரக் கணக்கு. பழைய சீன வழக்கில் பிறந்த குழந்தைக்கே வயது ஒன்று. சில சமூகங்கள் கல்லில் செதுக்கும்போது அதன் மேலும் ஓரிரு வயது ஏற்றுவார்கள். ஆகவே கல்லில் உள்ள வயதைக் கழித்துக் கிடைக்கும் பிறந்த ஆண்டைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.