பெயரில்லாத பழைய பொம்மைக் கார் கிடைத்தால் செய்யக்கூடாதவை

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். தாத்தா வீட்டு மச்சில் கிடைத்த பொம்மைக் கார் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "அண்ணா, அடியில் பெயரே இல்லை. எந்த ஊர்க் கார் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கைக்குட்டையை விரித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கார்த்திகைக்கு விளக்குத் துலக்குவதுபோலத் துலக்கியிருந்தார். இந்த ஆண்டில் என்னிடம் இப்படி வருவது இது மூன்றாவது கார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். உடைந்த சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள் என்பவை உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழுவுவதும் தேய்ப்பதும்

குமரி மாவட்டத்து வீடுகளில் குத்துவிளக்கானாலும் உருளியானாலும் புளியில்தான் துலங்கும். உலோகம் என்றாலே கை புளிப்பானையைத் தேடிப் போகிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேல் படிந்த களிம்பைக் கரைத்துவிட்டு ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் 1930களுக்குப் பிறகு வந்த வார்ப்புக் கார்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையால் ஆனவை. சிறிது அலுமினியம், செம்பு, மக்னீசியம் சேர்ந்திருக்கும். துத்தநாகத்தில் புளி பட்டால் உலோகத்தையே அரிக்கும். எலுமிச்சையும் வினிகரும் அப்படித்தான்.

என் கார் குளச்சலில் அப்பாவின் அத்தை வீட்டிலிருந்து வந்தது. வீட்டை இடிக்கும்போது பரணில் ஓர் ஓலைப்பெட்டி கிடைத்தது. சட்டைப் பொத்தான்களுக்கும் பூட்டில்லாத சாவிகளுக்கும் நடுவே உள்ளங்கை நீளத்தில், ஆங்கிலேயக் கார் வடிவில் ஒரு பொம்மை. கடற்காற்றில் உடம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அடித்தகட்டின் நடுவில் விரல் நகம் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. துரு என்று நினைத்தேன். இரவு முழுவதும் புளித்தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் எடுத்தபோது கார் கருஞ்சாம்பல் நிறமாகியிருந்தது. எஞ்சியிருந்த பெயின்ட் செதில் செதிலாக உரிந்து மிதந்தது. அதோடும் விடவில்லை. செங்கல்பொடி போட்டு, அந்தச் சொரசொரப்பு மழமழப்பாகும்வரை தேய்த்தேன்.

இரண்டு ஆண்டு கழித்துத் திருவனந்தபுரத்தில் அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: கூரையின் உள்பக்கம் என்ன நிறம் இருந்தது? அடித்தகட்டை உடலோடு பிடிக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளில் பெயின்ட் ஏறியிருந்ததா? அடித்தகட்டில் எதையாவது அழித்த தடம் இருந்ததா? மூன்றுக்கும் விடை என் வீட்டு முற்றத்தில் கழுவிப் போயிருந்தது.

அழித்த தடத்தை அவர் ஏன் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களை வார்த்தது. அங்கே ஓய்வு பெற்ற வார்ப்பு அச்சுகள் சில 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த கார்கள் 'நிக்கி டாய்ஸ்' என்று விற்பனையாயின. அடியில் இருந்த டிங்கி என்ற பெயரை அழித்தோ மாற்றியோ விட்டார்கள். ஆகவே நம் நாட்டில் கிடைக்கும் பெயரில்லாத காரில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும் கீறலும் மேடும்தான் முதல் சாட்சி. நான் தேய்த்தது அந்தத் தடத்தையா, வெறும் துருவையா? என் கார் லிவர்பூலில் பிறந்ததா, கல்கத்தாவிலா? இனி யாராலும் சொல்ல முடியாது. விலை போனதைவிட இதுதான் இன்றும் உறுத்துகிறது.

பெயின்ட்டும் அப்படியே. தொழிற்சாலையில் பெரும்பாலும் உடலுக்கு வர்ணம் பூசிய பிறகே அடித்தகட்டை வைத்து ரிவெட் தலையை நசுக்குவார்கள். அதனால் அசல் காரில் நசுங்கிய முனை வெறும் உலோகமாகத் தெரியும். அதன்மேலும் பெயின்ட் ஏறியிருந்தால் பின்னால் யாரோ பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அழுக்கோடே வைத்துக்கொண்டு முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். உலர்ந்த மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். இருட்டறையில் டார்ச் விளக்கைத் தகட்டுக்குச் சாய்வாகப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் எழுத்தும் நிழல் விழுந்து எழும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலை லேசாக உரசிப் பார்க்கலாம். இதற்கு மேல் எதுவும் வேண்டாம், எண்ணெய்கூட.

காந்தம் இல்லாமல் பேசுவது

காரின் உடலில் காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் தகரம். ஒட்டாவிட்டால் துத்தநாகமோ ஈயமோ அலுமினியமோ. அச்சுத்தண்டில் ஒட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தகரக் காரின் வயிற்றைப் பார்க்காமல் விடுவது

தகரத்தில் அச்சிட்ட கார்களில் நிறுவனச் சின்னம் எண் பலகையிலோ கதவின் கீழ் ஓரத்திலோ கடுகளவில் ஒளிந்திருக்கும். உள்பக்கத்தையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பழைய டின்களை வெட்டிப் பொம்மை செய்தார்கள். பழைய டின்னின் அச்செழுத்து உள்ளே அப்படியே தெரியும் கார்கள் உண்டு.

நிஜக் காரின் ஆண்டைப் பொம்மைக்குக் கொடுப்பது

உருண்ட முதுகுள்ள எந்தக் காரைக் கண்டாலும் நம் ஆட்கள் 'அம்பாசிடர்' என்கிறார்கள். அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. டிங்கி வார்த்த மோரிஸ் ஆக்ஸ்போர்டோ அதற்கு முந்தைய, எம்ஓ எனப்படும் வரிசை. அந்த எம்ஓவின் இந்தியப் பிறப்பு ஹிந்துஸ்தான் 14. முன்பக்கக் கம்பிவலையையும் விளக்குகளையும் நிஜக் காரின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள். பெயர் சரியாகவே இருந்தாலும், அது சொல்வது பொம்மை நிஜக் கார் வந்த ஆண்டுக்கு முந்தையதல்ல என்பதை மட்டுமே. அம்பாசிடர் 2014 வரை தயாரிப்பில் இருந்த கார்.

அடியில் உள்ள ஆண்டு

ஹாட் வீல்ஸ் கார்களின் அடியில் உள்ள ஆண்டு அந்த வார்ப்பு வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு. அதே ஆண்டோடு பல காலம் கழித்தும் கார்கள் வந்துகொண்டே இருக்கும். காப்புரிமை (பேட்டன்ட்) எண்ணும் அப்படியே.

சக்கரத்தையும் சன்னலையும் படிக்காதது

பெயர் இல்லாதபோது எனக்கு அதிகம் உதவுவது சக்கரம். டிங்கி கார்களில் போருக்கு முந்தைய சக்கரத்தின் நடுப்பகுதி மழமழப்பாக இருக்கும். போருக்குப் பிந்தையதில் மேடான வளையம் உண்டு. 1953 முதல் வந்த சிறிய மேட்ச்பாக்ஸ் கார்களில் முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அதன்பின் கறுப்பு. 1969 முதல் மெல்லிய தண்டில் வேகமாக உருளும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம். சன்னலில் தெளிந்த பிளாஸ்டிக் இருந்தால், இங்கிலாந்துக் கார்களில் அது 1956இல் கோர்கி டாய்ஸ் தொடங்கிவைத்த பழக்கம். சக்கரத்தை மாற்றிப் போடுவது எளிது என்பதால், தண்டின் முனை அண்மையில் நசுக்கியதுபோல் பளபளக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

வெடிப்பைக் கண்டு பயப்படுவது

கலவையில் ஈயம் கலந்துவிட்டால் துத்தநாகம் உள்ளிருந்து விரிசல் விடும். ஈரக்காற்று அதை விரைவாக்கும். நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. ஒட்டுவாரொட்டி என்று எண்ணித் தூக்கி எறிகிறார்கள். பக்கத்துக் காருக்கு அது பரவாது. இந்த நோய் போருக்கு முந்தைய வார்ப்புகளில் அதிகம் என்பதால் வெடிப்பே காலத்துக்கு ஒரு குறிப்பு.

வீட்டாரைக் கேட்காதது

குமரியில் பல வீடுகளுக்கு இலங்கைத் தொடர்பும் பின்னாளில் வளைகுடாத் தொடர்பும் உண்டு. பொம்மையும் அந்த வழியில்தான் வந்தது. தக்கலைத் தம்பியை உடனே பாட்டிக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னேன். தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்ததையும், 1954இல் மூட்டை கட்டித் திரும்பியதையும் பாட்டி சொன்னார். காரில் சன்னல் பிளாஸ்டிக் இல்லை. சக்கர நடுவில் மேடான வளையம் இருந்தது. பின்சக்கர வளைவுக்குள், புளி எட்டாத மூலையில், கடுகளவு பச்சை பெயின்ட் ஒட்டியிருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு, துடைக்காமல் பஞ்சுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.