இரண்டு நகரங்களுக்கு இடையே விமான தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்குப் போடலாம்

தட்டையான உலக வரைபடத்தில் டோக்கியோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், பசிபிக் கடலின் குறுக்கே நேர்கோடு கிடைக்கும். விமானம் அந்த வழியில் போகாது, அது நீளமான வழி. உருண்டையான பூகோளத்தில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே வளைந்து, அலூஷியன் தீவுகள் இருக்கும் பக்கமாக ஏறி இறங்கும். அதுதான் பெருவட்டப் பாதை. நாம் கணக்கிடப்போவது அந்த நூலின் நீளத்தை.

படி 1: கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, விமான நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. டோக்கியோ ஹனேடாவுக்கு 35.55, 139.78. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 33.94, -118.41. தீர்க்கரேகையில் மைனஸ் குறி வந்தால் மேற்கு என்று அர்த்தம், அதை விட்டுவிடாதீர்கள்.

படி 2: தீர்க்கரேகைகளைக் கழியுங்கள். 139.78 − (−118.41) = 258.19. விடை 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழிக்க வேண்டும். ஆக, 101.81 டிகிரி.

படி 3: இதுதான் சூத்திரம். அ1, அ2 என்பவை இரு அட்சரேகைகள். கோணம் என்பது பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம்.

காஸ்(கோணம்) = சைன் அ1 × சைன் அ2 + காஸ் அ1 × காஸ் அ2 × காஸ்(தீர்க்கரேகை வித்தியாசம்)

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ரேடியனில் இருந்தால் எல்லாமே தப்பாகிவிடும். நமக்குக் கிடைப்பது 0.3246 − 0.1382 = 0.1864. இதற்குக் காஸ் இன்வெர்ஸ் போட்டால் சுமார் 79.26 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி ஏறத்தாழ 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 8,810 கி.மீ. வடக்கே வளையாமல் அதே அட்சரேகையை ஒட்டியே பறந்தால் 9,300 கி.மீ. ஆகியிருக்கும்!

படி 4: இப்போது நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 8,810-ஐ 900-ஆல் வகுத்து, மேலேறி இறங்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்தால் 10 மணி 20 நிமிடம் வருகிறது.

இதோடு நிறுத்தினால் கணக்கு பாதிதான், காற்றையும் சேர்க்க வேண்டும். ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காகக் கடும் காற்று வீசுவதைக் கண்டறிந்தார். இன்று அதை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.-ஐயும் தாண்டும். வழி முழுவதும் அதே வேகம் இருக்காது என்பதால், சராசரியாக 80 என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும்போது 980-ஆல் வகுக்க வேண்டும், மேற்கே போகும்போது 820-ஆல். அரை மணி நேரத்தையும் சேர்த்தால் போக சுமார் ஒன்பதரை மணி, திரும்ப பதினொன்றேகால் மணி. தூரம் அதேதான், ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம்!

வான்வெளி மூடப்பட்டாலும் கணக்கு மாறும். 2022-இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சுமார் ஒன்பதரை மணி நேரப் பயணம் ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிவிட்டது.

படி 5: கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள், அவற்றை அப்படியே கழிக்கக் கூடாது. கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டோக்கியோவைவிட 16 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 17. கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், டோக்கியோ கணக்கில் மறுநாள் அதிகாலை 3 மணி. அதில் 16-ஐக் கழித்தால், கிளம்பிய அதே தேதியில் காலை 11 மணிக்கு இறங்குகிறீர்கள்.