நீர்வண்ணத்தில் ஒரு மலை, ஒரு பனைமரம்: முதன்முறை தூரிகை எடுப்பவர்களுக்கு

எட்டாம் வகுப்பில் ஆற்றுக்கு ஊதா நிறம் பூசினேன். அதற்காக வகுப்பு முழுவதும் சிரிக்க எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அன்று வைத்த தூரிகையை 43 வயதில், அம்மா இறந்த வருடத்தில்தான் மறுபடி எடுத்தேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து தெற்கே நெல்லியாம்பதி மலையை வரைந்தேன். படம் சரியாக வரவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் மனசு அமைதியாக இருந்தது, பல மாதங்களுக்குப் பிறகு. அந்த அமைதிக்குப் போகும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவை

வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் தாளில் பிடிக்காதீர்கள். கடையில் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) நீர்வண்ணத் தாள் என்று கேளுங்கள். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும். குறை தாளில் இருக்க, 'நமக்கு இது வராது' என்று நாம் எழுந்துவிடுவோம். பெரிய தாளை நான்காக வெட்டிக்கொண்டால் செலவு குறையும்.

வண்ணங்கள் நான்கு டியூப்: லெமன் எல்லோ, கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). இவை போதுமா என்று தயங்க வேண்டாம். கேரளக் கோயில் சுவரோவியங்களின் மரபே மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற பஞ்சவர்ணத்தில் நிற்கிறது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் செம்மண் கல்லிலிருந்தும், கறுப்பு விளக்குக் கரியிலிருந்தும் வந்தவை. நமக்கு வெள்ளை டியூப்கூட வேண்டாம். நீர்வண்ணத்தில் பூசாமல் விட்ட தாள்தான் வெள்ளை.

8 அல்லது 10ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, இரண்டு டம்ளர் தண்ணீர், வெள்ளைப் பீங்கான் தட்டு, பழைய பருத்தித் துணி, மாஸ்கிங் டேப். அவ்வளவுதான்.

முதல் நாள்: படம் வேண்டாம்

தாளின் நான்கு ஓரங்களையும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டுங்கள். பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். தட்டில் நீலத்தைத் தண்ணீராகக் கரைத்து, மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். கோட்டின் கீழ் ஓரத்தில் தண்ணீர் திரண்டு நிற்கும். அடுத்த கோடு அந்தத் திரட்சியைத் தொட்டு இழுத்து வர வேண்டும். இப்படியே கீழ்வரை வாருங்கள். பூசிய இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது, இது மட்டும்தான் விதி. காய்ந்தால் நிறம் வெளிறும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே பூசுங்கள்.

இரண்டாம் நாள்: ஈரத்தில் ஈரம்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. புதுத் தாளில் வெறும் தண்ணீரைப் பூசிவிட்டு, கண்ணைத் தாளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். குளம்போல மின்னினால் பொறுங்கள். மினுமினுப்பு லேசாக மங்கும் நேரத்தில் நீலத்தால் ஒரு தொடுதல். அது தானாகப் பரவி மேகமாவதைப் பார்க்கும்போது என் மூச்சு இன்றைக்கும் ஒரு கணம் நிற்கும். பாதி காய்ந்த பிறகு ஈரத் தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி கறை விழும். விழட்டும், அழிக்கப் போகாதீர்கள்.

எங்கள் பக்கம் இதில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும், தாள் சட்டென்று காய்ந்துவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஆனி, ஆடி மழையில் அதே தாள் காய ரொம்ப நேரம் எடுக்கும்.

அப்புறம் மலை

மேகம் பரவிய அந்தத் தாள்தான் நம் வானம். அது நன்றாகக் காய்ந்ததும் அல்ட்ராமரைனில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேருங்கள். மழைக்கால மலையின் சாம்பல் நிறம் வரும். தூரத்து மலைக்குத் தண்ணீர் அதிகம், பக்கத்து மலைக்கு வண்ணம் அதிகம். பனைமரத்துக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி, கெட்டியான வண்ணத்தோடு கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. ஓலைகளை எண்ணாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் என் படத்தைப் பார்த்து, "ஏனுங்க அக்கா, இது மலைதானுங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உங்கள் நிறம்

இதே காட்சியை மறுநாள் திரும்ப வரையுங்கள். இந்த முறை நிறத்தை உங்கள் மனசு சொல்லட்டும். பக்கத்து ஊரான சித்தூரில் ஓடும் எங்கள் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். அதன் கரையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, கிரிம்சனையும் அல்ட்ராமரைனையும் கலந்து, ஆறு முழுக்க ஊதா பூசினேன். நடுவில் அழுதேன், ஆனால் நிறுத்தவில்லை.

தாள் முழுசாகக் காய்ந்தபின் டேப்பைத் தாளோடு ஒட்டினாற்போல் சாய்த்து மெதுவாக உரியுங்கள். பின்பக்கம் தேதி எழுதி, ஒரு வாரம் யாரிடமும் காட்டாமல் எடுத்து வையுங்கள். தூரிகையைக் கழுவி, நுனியை விரலால் கூராக்கி, படுக்கவைத்துக் காய விடுங்கள்.