நூலகப் பாடவேளையில் கதை வாசித்துக் காட்டுவது எப்படி?

கால அட்டவணையில் வாரம் ஒருமுறை 'நூலகம்' என்று இருக்கும். கணக்குப் பாடம் அதை விழுங்காமல் விட்டால், ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்து "சத்தம் போடாம படிங்க" என்று சொல்வதோடு சரி. எழுத்துக்கூட்டவே திணறும் ரெண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அது படம் புரட்டும் நேரம்தான். அந்தப் பாடவேளையில் முதல் 15 நிமிடத்தை வாசித்துக் காட்ட எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

1. புத்தகம் எடுப்பது

16 அல்லது 24 பக்கப் படப் புத்தகம் போதும். அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கும்: நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. அந்தப் படிகள் குழந்தை தானாகப் படிப்பதற்கு. நீங்கள் வாசிக்கும்போது ஒரு படி மேலே எடுக்கலாம். கண்ணால் படிக்க முடியாத கதையையும் காதால் பிடித்துக்கொள்வார்கள்.

புத்தகம் இல்லையென்றால் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அங்கேயே நின்று நாலு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வாயில் வழுக்கிக்கொண்டு வராத வரிகளும், கடைசிப் பக்கத்தில் நீதியை ஒட்டவைத்த கதையும் எனக்கு ஆகாது. வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

2. நிறுத்தும் இடத்தை முதலிலேயே குறிப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. முந்தின நாள் வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். கதை திரும்புகிற இரண்டு மூன்று இடங்களில் துண்டுச் சீட்டு வைத்து, கேட்கப் போகும் கேள்வியை அதிலேயே எழுதிவிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

புன்செய் புளியம்பட்டிச் சந்தையில் தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடும் கதை என்று வைத்துக்கொள்வோம். கயிறு மட்டும் கையில் இருக்கிற பக்கத்தில் நிறுத்துங்கள்.

"ஏங்கண்ணு, குட்டி இப்ப எந்தப் பக்கம் போயிருக்கும்?"

"தீவனக் கடைக்குங்க டீச்சர்."

இதோடு "சரி, அடுத்து" என்று பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. "ஆமா, பசி வந்திருக்கும். புண்ணாக்கு வாசம் புடிச்சுத் தீவனக் கடைக்குப் போயிருக்கும்" என்று அவன் சொன்னதையே நீட்டிச் சொல்லுங்கள். பிறகு அவனையும் ஒருமுறை சொல்லவிடுங்கள். மூன்று சொல்லில் வந்த பதில் இரண்டு முழு வாக்கியமாகிவிட்டது. 1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. படப்புத்தகம் படிக்கும்போது இப்படிப் பேசவைக்கப்பட்ட சிறு குழந்தைகளின் பேச்சுத்திறன், சும்மா படித்துக் காட்டப்பட்டவர்களைவிடக் கூடுதலாக வளர்ந்தது.

குழந்தை "கசாப்புக் கடைக்கு" என்று சொன்னாலும் தப்பென்று அடக்காதீர்கள். "ஏன் அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். அந்தப் பதில் பெரும்பாலும் கதையைவிட நன்றாக இருக்கும்.

3. உட்காருவது

அரை வட்டம். நீங்களும் தாழ உட்காருங்கள். வெயில் குழந்தைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கவாட்டில், படம் அவர்களைப் பார்க்கப் பிடியுங்கள். பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் மதிலுக்கு அந்தப்புறமே தறிக்குடோன் ஓடும். அதோடு போட்டி போட்டுக் கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும். தறி ஓடாத பக்கத்து வகுப்புக்கு மாறி, நெருக்கமாக உட்காரவைத்து, மெதுவாக வாசியுங்கள். குரல் தாழ்ந்தால் பிள்ளைகள் தாமாகவே முன்னால் நகர்ந்து வருவார்கள்.

4. வாசிப்பது

அட்டையைக் காட்டித் தலைப்பைச் சொல்லுங்கள். எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களையும் சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். பக்கத்தைத் திருப்புமுன் படத்தைப் பார்க்க நேரம் கொடுங்கள். ஆளுக்கொரு குரல் மாற்றி நடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, நிறுத்தி ஏற்றி இறக்கிப் படித்தாலே போதும்.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கதையை ரெண்டாம் வகுப்புக்குத் தகுந்த மாதிரி எடுத்து, "ஏன்", "எப்படி" கேள்விகளை ஐந்தாம் வகுப்புக்கு வையுங்கள். ஆடு கத்துவது, வண்டி வருவது எல்லாம் பெரிய பிள்ளைகள் பொறுப்பு!

திருப்பூர்ப் பக்கம் இந்தியோ ஒடியாவோ வீட்டில் பேசும் குழந்தைகள் வகுப்பில் இருப்பார்கள். ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். அந்தக் குழந்தையின் மொழியில் அதே கதை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், ஒரு பக்கத்தை அவள் வாசிக்கட்டும். படிக்கத் தெரியாவிட்டால் படத்தைக் காட்டி அவள் மொழியில் சொல்லட்டும். வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

5. முடிந்த பிறகு

"இந்தக் கதையின் நீதி என்ன?" வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டதும் பிள்ளைகள் ஒப்பிக்கத் தயாராகிவிடுவார்கள். "எந்த இடம் புடிச்சுது?" போதும். வாசித்த புத்தகத்தைப் பீரோவில் பூட்டாமல் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இடைவேளையில் அதற்குத்தான் அடிபிடி நடக்கும்.

அடுத்த வாரமும் அதே கதையைக் கேட்டால் அதையே வாசியுங்கள். இந்தத் தடவை சீட்டு வைத்த இடங்களை மாற்றுங்கள். மூன்றாம் தடவை வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள், அதைப் பிள்ளைகள் முடிக்கட்டும்.